ஒருவர் விருந்தினர், மற்றவர் கைதி: லுவார் நதிக்கரையில் அம்புவாஸ் நகரம் பயணிகளுக்குச் சொல்லும் கதை

புதுடெல்லி: பிரான்ஸ் செல்லும் பயணிகள் பலரின் திட்டத்தில் பாரிஸுக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது லுவார் நதிப் பள்ளத்தாக்கின் அரண்மனைகள். பாரிஸிலிருந்து அதிகாலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள், ஒரே நாளில் இரண்டு மூன்று அரண்மனைகளைக் காட்டிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுகின்றன. இந்த அவசரத்தில் பயணிகள் சரியாகப் பார்க்காமலேயே கடந்துவிடும் ஊர்களில் ஒன்று அம்புவாஸ்.

மக்கள்தொகை 15 ஆயிரத்தைக்கூட எட்டாத இந்தச் சிறிய நகரில்தான் ஓவியர் லியோனார்டோ டா வின்சி தமது இறுதி ஆண்டுகளைக் கழித்தார். பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்ட அல்ஜீரியத் தலைவர் அமீர் அப்துல் காதிர், நான்கு ஆண்டுகள் சிறை வைக்கப்பட்டதும் இதே நகரில்தான். முன்னவர் மன்னரின் விருந்தினர். பின்னவர் வாக்குறுதியை மீறிச் சிறைப்பிடிக்கப்பட்ட கைதி. இருவரின் நினைவிடங்களும் ஒரே அரண்மனை வளாகத்தில் உள்ளன.

இந்த நகரில் என்னென்ன பார்க்கலாம், அவற்றின் பின்னணி என்ன, எப்படிச் செல்வது என்பது குறித்து விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது?

மத்திய பிரான்ஸில், தூர் நகருக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், லுவார் நதியின் தென்கரையில் அம்புவாஸ் அமைந்துள்ளது. சுமார் 1,000 கிலோமீட்டர் நீளம் கொண்ட லுவார், பிரான்ஸின் மிக நீளமான நதி. தென்கிழக்கே உள்ள மலைப்பகுதியில் உற்பத்தியாகி, மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது.

இந்த நதியின் மையப் பகுதியை, அதன் கரையோர நகரங்கள், அரண்மனைகள், திராட்சைத் தோட்டங்கள் ஆகியவற்றுடன் சேர்த்து 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நதியும் மனிதர்களும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உருவாக்கிய நிலக்காட்சி என்ற அடிப்படையில் இந்த அங்கீகாரம் வழங்கப்பட்டது. அம்புவாஸும் இந்த எல்லைக்குள் வருகிறது.

முதலில் நதியைப் பாருங்கள்

அம்புவாஸ் ரயில் நிலையம் நதியின் வடகரையில் உள்ளது. அரண்மனையும் பழைய நகரமும் இருப்பது தென்கரையில். எனவே ரயிலில் வருபவர்கள் பாலத்தின் வழியாக நதியைக் கடந்துதான் நகருக்குள் நுழைய வேண்டும். இது சுமார் 20 நிமிட நடை. பாலத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போது நீரும், கரையோர வீடுகளும், அவற்றுக்கு மேல் பாறை முகட்டில் எழுந்து நிற்கும் வெண்ணிற அரண்மனையும் ஒரே பார்வையில் தெரியும். நேராக அரண்மனை வாசலில் இறங்கும் பயணிகளுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

பாலம் நதியின் நடுவே உள்ள தங்கத் தீவு என்ற தீவைத் தொட்டுச் செல்கிறது. பிராங்க் இனத்தாரின் மன்னர் குளோவிஸும், விசிகோத் மன்னர் இரண்டாம் அலாரிக்கும் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்புவாஸ் அருகே நதித்தீவு ஒன்றில் சந்தித்ததாகப் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. அந்த நட்பு நீடிக்கவில்லை. 507-ஆம் ஆண்டுப் போரில் அலாரிக் கொல்லப்பட்டார்.

லுவார் நதியின் இயல்பு பருவத்துக்குப் பருவம் மாறுபடும். கோடையில் நீர் வற்றி, அகன்ற மணல் திட்டுகள் வெளிப்படும். ஆலாப் பறவைகள் அவற்றில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. மழைக்காலத்திலோ அதே நதி கரைபுரண்டு ஓடும். 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட பெருவெள்ளங்கள் இந்தப் பள்ளத்தாக்கையே உலுக்கின. இரு கரைகளிலும் காணப்படும் உயரமான மண்ணணைகள், இத்தகைய வெள்ளங்களிலிருந்து ஊர்களைக் காக்கப் பல நூற்றாண்டுகளாக எழுப்பப்பட்டு வலுப்படுத்தப்பட்டவை.

ரயில்கள் வருவதற்கு முன்பு இந்த நதியே முக்கிய வணிகப் பாதையாக இருந்தது. ஆழமற்ற நீரில் செல்வதற்காகத் தட்டையான அடிப்பகுதியுடன் கட்டப்பட்ட மரப் படகுகளில் சரக்குகள் சென்றன. அதே வடிவிலான படகுகளில் இன்று பயணிகள் சவாரி செய்யலாம். ஆனால் நதியில் இறங்கிக் குளிப்பது ஆபத்தானது. மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், கால் வைத்த இடமே சரிந்துவிடக்கூடும்.

குதிரை ஏறிச் சென்ற கோபுரங்கள்

அம்புவாஸ் கோட்டை முதலில் உள்ளூர்ப் பிரபுக்களிடம் இருந்தது. அதன் உரிமையாளர் சதியில் ஈடுபட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டதை அடுத்து, 1434-இல் மன்னர் ஏழாம் சார்லஸ் அதைப் பறிமுதல் செய்தார். அன்றுமுதல் அது அரச இல்லமானது.

அதைப் பெரும் அரண்மனையாக மாற்றியவர் எட்டாம் சார்லஸ். 1470-இல் இங்கேயே பிறந்த அவர், இத்தாலி மீது படையெடுத்துத் திரும்பியபோது அங்கிருந்து கைவினைஞர்களையும் தோட்டக்கலை வல்லுநர்களையும் அழைத்து வந்தார். இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை பிரெஞ்சு அரசவைக்குள் நுழைந்த தொடக்ககால வாசல்களில் ஒன்றாக அம்புவாஸ் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

அவரது முடிவு எதிர்பாராதது. 1498 ஏப்ரல் 7 அன்று, பந்து விளையாட்டு ஒன்றைக் காணச் சென்றபோது, தாழ்வான கதவின் மேல்சட்டத்தில் தலை மோதியது. சில மணி நேரத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 27. வாரிசு இல்லாததால் அரியணை உறவினரான பன்னிரண்டாம் லூயிக்குச் சென்றது.

அரண்மனையில் தவறவிடக் கூடாதவை அதன் இரண்டு பெருங்கோபுரங்கள். இவற்றின் உள்ளே வழக்கமான படிக்கட்டுகள் இல்லை. சுழன்று ஏறும் அகன்ற சாய்தளப் பாதை உள்ளது. குதிரைகளும் வண்டிகளும் நதிக்கரை மட்டத்திலிருந்து அரண்மனை முற்றம் வரை நேராக ஏறி வருவதற்காக இவ்வாறு கட்டப்பட்டன.

இன்று நாம் காண்பது பழைய அரண்மனையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. பராமரிக்கப் பணம் இல்லாததால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடங்களின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதிகளையும், நதியை நோக்கிய தோட்ட மேடையையும் பயணிகள் பார்வையிடலாம்.

விருந்தினராக வந்த ஓவியர்

1516-ஆம் ஆண்டில் இளம் மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பை ஏற்று, 64 வயதான லியோனார்டோ இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து அம்புவாஸுக்கு வந்தார். அவருடன் சீடர் பிரான்செஸ்கோ மெல்சி இருந்தார். குறிப்பேடுகளுடன், தாம் விட்டுப் பிரியாத சில ஓவியங்களையும் அவர் கொண்டு வந்தார். ‘மோனா லிசா’ அவற்றில் ஒன்று. இத்தாலியரின் ஓவியம் பிரான்ஸின் உடைமையானது எப்படி என்ற கேள்விக்கு விடை இங்குதான் தொடங்குகிறது. ஓவியரே அதைக் கொண்டு வந்தார்; பின்னர் அது அரச சேகரிப்பில் சேர்ந்தது. இப்போது அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. எனவே மோனா லிசாவைத் தேடி அம்புவாஸுக்கு வருபவர்கள் ஏமாற்றமடைய நேரும்.

மன்னர் அவருக்கு ஆண்டு ஊதியமும், அரண்மனையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் குளோ லூசே என்ற மாளிகையும் வழங்கினார். 1471-இல் செங்கல்லாலும் வெண்கல்லாலும் கட்டப்பட்ட இந்த மாளிகை, 1954 முதல் பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது.

1517 அக்டோபரில் கர்தினால் லூயிஜி என்ற இத்தாலிய சமயத் தலைவர் இங்கு வந்தார். லியோனார்டோ தமக்கு மூன்று ஓவியங்களைக் காட்டியதையும், அவரது வலது கை செயலிழந்திருந்ததையும் கர்தினாலின் செயலாளர் தமது பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். லியோனார்டோ இடது கைப் பழக்கம் உடையவர். எனவே அவரால் தொடர்ந்து வரையவும், மன்னருக்காக நகர அமைப்பு மற்றும் கால்வாய்த் திட்டங்களைத் தீட்டவும் முடிந்தது.

மாளிகையில் அவரது படுக்கையறையும் பணியறையும் அக்காலத்தைப் போல மீட்டுருவாக்கப்பட்டுள்ளன. அவரது வரைபடங்களின் அடிப்படையில் செய்யப்பட்ட இயந்திர மாதிரிகள் உள்ளேயும் தோட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகளுடன் வருபவர்கள் இந்தத் தோட்டத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது நல்லது.

கல்லறையில் இருப்பது யார்?

1519 மே 2 அன்று, 67-ஆவது வயதில் லியோனார்டோ காலமானார். மன்னரின் கரங்களில் அவர் உயிர் துறந்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் காட்சியைப் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1818-இல் ஓவியமாகவும் தீட்டினார். எனினும் மன்னர் அந்த நாட்களில் பாரிஸ் அருகே இருந்ததாகக் கருதப்படுவதால், வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

அவரது உடல், அவர் விரும்பியபடியே அரண்மனை வளாகத்தில் இருந்த புனித ஃபுளோரந்தின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தேவாலயமும் இடிக்கப்பட்டது. 1863-இல் அந்த இடம் தோண்டப்பட்டபோது கிடைத்த எலும்புகள் அவருடையவையாக இருக்கலாம் என்று கருதப்பட்டு, பின்னர் அதே வளாகத்தில் உள்ள புனித யூபேர் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டன.

இன்று பயணிகள் மலர் வைத்து வணங்கும் கல்லறை அதுதான். உள்ளே இருப்பது லியோனார்டோவின் எச்சங்கள் என்பது அனுமானமே தவிர, உறுதி செய்யப்பட்ட உண்மை அல்ல. கற்களில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட அந்தச் சிற்றாலயம் அதற்காகவே தனியாகப் பார்க்கத் தகுந்தது.

2019 மே 2 அன்று, அவரது 500-ஆவது நினைவு நாளில், பிரான்ஸ் அதிபர் இம்மானுவேல் மேக்ரானும் இத்தாலி அதிபர் செர்ஜியோ மத்தரெல்லாவும் இங்கு வந்து ஒன்றாக மரியாதை செலுத்தினர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இரு நாடுகளின் உறவு கசந்து, ரோமில் இருந்த தனது தூதரைப் பிரான்ஸ் திரும்ப அழைத்திருந்தது. அந்தப் பின்னணியில் இந்தக் கூட்டு வருகை கவனம் பெற்றது.

ரத்தம் படிந்த ஆண்டு

அரண்மனையின் நதி நோக்கிய பால்கனியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் குறைவு. அதன் வரலாறு துயரமானது. 1560 மார்ச்சில், சிறுவயது மன்னர் இரண்டாம் பிரான்சுவாவை, அவரைச் சூழ்ந்திருந்த கீஸ் குடும்பத்தினரின் பிடியிலிருந்து கைப்பற்றப் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த பிரபுக்கள் திட்டமிட்டனர். திட்டம் முன்கூட்டியே கசிந்தது. பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். சிலரின் உடல்கள் அரண்மனையின் முகப்பிலேயே தொங்கவிடப்பட்டன.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1563-இல், புராட்டஸ்டன்ட் மக்களுக்கு வரையறுக்கப்பட்ட வழிபாட்டு உரிமை வழங்கும் அரசாணை இதே அம்புவாஸில் வெளியானது. முதல் மதப்போரை அது முடித்து வைத்தது. ஆனால் அமைதி நிலைக்கவில்லை. 1598-இல் நாந்த் அரசாணை வரும்வரை பிரான்ஸில் மதப்போர்கள் மீண்டும் மீண்டும் மூண்டன.

கைதியாக வாழ்ந்த அமீர்

அல்ஜீரியாவைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துச் சுமார் 15 ஆண்டுகள் போரிட்ட அமீர் அப்துல் காதிர், 1847 டிசம்பரில் சரணடைந்தார். முஸ்லிம் நாடொன்றுக்குச் செல்ல அனுமதிக்கப்படுவார் என்ற உறுதிமொழியின் பேரிலேயே அவர் சரணடைந்தார். ஆனால் பிரெஞ்சு அரசு அதைக் காப்பாற்றவில்லை. குடும்பத்தினருடனும் உடன் வந்தவர்களுடனும் அவர் பிரான்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1848 நவம்பர் முதல் 1852 வரை அவர்கள் அம்புவாஸ் அரண்மனையில் அடைத்து வைக்கப்பட்டனர்.

பழக்கமில்லாத குளிரிலும் நோயிலும் அவருடன் இருந்தவர்களில் சுமார் 25 பேர் அங்கேயே இறந்தனர். குழந்தைகளும் அவர்களில் அடங்குவர். 1852 அக்டோபரில் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். பின்னர் டமாஸ்கஸில் குடியேறிய அமீர், 1860-இல் அங்கு மதக்கலவரம் வெடித்தபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் அளித்துக் காப்பாற்றினார். அவரைச் சிறை வைத்த அதே பிரான்ஸ், இதற்காக அவருக்குத் தனது உயரிய விருதை வழங்கியது.

அரண்மனைத் தோட்டத்தில், இறந்தவர்களின் நினைவாக 2005-இல் ஒரு நினைவுத் தோட்டம் அமைக்கப்பட்டது. அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் கொரைஷி வடிவமைத்த அந்தத் தோட்டத்தில் 25 கற்கள் வரிசையாக நிற்கின்றன. லியோனார்டோவின் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பலர் இதைக் காண்பதில்லை.

இந்த நினைவு இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. வரலாற்றாசிரியர் பெஞ்சமின் ஸ்தோரா 2021-இல் அதிபர் மேக்ரானிடம் அளித்த அறிக்கையில், அம்புவாஸில் அமீருக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்கப் பரிந்துரைத்தார். அதன்படி உருவான உலோகச் சிற்பம், 2022 பிப்ரவரி 5 அன்று திறப்பு விழாவுக்குச் சற்று முன்பு சேதப்படுத்தப்பட்டது. ஆனாலும் விழா ரத்து செய்யப்படவில்லை. சேதமடைந்த நிலையிலேயே சிற்பம் திறந்து வைக்கப்பட்டது.

புதுச்சேரியுடன் ஒரு தொடர்பு

நகருக்குத் தெற்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், காட்டின் விளிம்பில் 44 மீட்டர் உயரத்தில் ஏழு அடுக்குகளுடன் ஒரு கோபுரம் நிற்கிறது. சீனப் பகோடாவின் சாயலில் அமைந்த இதன் பெயர் ஷாந்தலூ பகோடா. இதைக் கட்டியவர் ஷுவாசுல் பிரபு.

பதினைந்தாம் லூயி மன்னரின் அரசில் வெளியுறவு, போர், கடற்படை ஆகிய துறைகளை வெவ்வேறு காலங்களில் நிர்வகித்தவர் இவர். 1761-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துத் தகர்த்த புதுச்சேரியை, 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின் மூலம் பிரான்ஸ் திரும்பப் பெற்றபோது, அந்நாட்டின் கொள்கைகளை வகுத்த முதன்மை அமைச்சராக இருந்தவர் இவரே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இவரது உறவினரான பிராலின் பிரபு.

1770-இல் மன்னரின் அதிருப்திக்கு ஆளாகிப் பதவி இழந்த ஷுவாசுல், ஷாந்தலூவில் இருந்த தமது மாளிகைக்கு அனுப்பப்பட்டார். மன்னரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் நண்பர்கள் பலர் அங்கு வந்து அவரைச் சந்தித்தனர். அந்த நட்புக்கு நன்றியாகவே 1775-இல் பகோடாவின் கட்டுமானம் தொடங்கியது. மாளிகை 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. நன்றியின் சின்னம் மட்டும் நிலைத்திருக்கிறது.

அருகில் வேறென்ன?

அம்புவாஸிலிருந்து 15 கிலோமீட்டருக்குள், ஷேர் நதியின் மேல் பாலம் போலக் கட்டப்பட்ட ஷெனோன்சோ அரண்மனை உள்ளது. நதியைக் கடக்கும் அதன் நீண்ட மண்டபம், முதல் உலகப் போரின்போது காயமடைந்த வீரர்களுக்கான மருத்துவமனையாகச் செயல்பட்டது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனி ஆக்கிரமித்த பகுதிக்கும் ஆக்கிரமிக்கப்படாத பகுதிக்கும் இடையிலான எல்லையாக ஷேர் நதி இருந்தது. மண்டபத்தின் தெற்கு வாசல் மறுகரையில் திறந்ததால், பலர் அதன் வழியாகத் தப்பினர்.

மிதிவண்டிப் பிரியர்களுக்காக லுவார் நதியோரம் சுமார் 900 கிலோமீட்டர் நீளத்துக்குக் குறியிடப்பட்ட மிதிவண்டிப் பாதை அமைக்கப்பட்டுள்ளது. அது அம்புவாஸ் வழியாகச் செல்கிறது. நகரில் வாடகைக்கு மிதிவண்டி எடுத்து, சில கிலோமீட்டர் சென்று திரும்பினாலே போதும். பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட வீடுகளையும் மது நிலவறைகளையும் வழியில் காணலாம். அரண்மனைகளுக்காக வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்பட்ட சுரங்கங்களே பிற்காலத்தில் இவ்வாறு பயன்பாட்டுக்கு வந்தன.

சந்தையும் உணவும்

வெள்ளி, ஞாயிறு காலைகளில் நதிக்கரையில் சந்தை கூடுகிறது. காய்கறி, பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி ஆகியவை அங்கு கிடைக்கும். இந்தப் பகுதியின் அடையாளம் ‘சேன்ட் மோர்’ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. உருளை வடிவில் இருக்கும் இதன் நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகப்பட்டிருக்கும்.

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸின் பாரம்பரிய பாலாடைக்கட்டிகள் பலவற்றில், விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருள் சேர்க்கப்படுகிறது. வாங்கும் முன் கேட்டறிவது நல்லது. சிறு நகரங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு பல உணவகங்கள் சமையலறையை மூடிவிடும் என்பதால், மதிய உணவை நேரத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் செல்வது?

பாரிஸின் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரத்தில் அம்புவாஸை அடையலாம். சில ரயில்கள் நேரடியாகச் செல்லும்; சிலவற்றில் இடையில் மாற வேண்டியிருக்கும். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் சான் பியேர் தே கோர் சென்று, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் வருவது மற்றொரு வழி.

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். குறுகிய கால விசாவில், எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். பயணத் தேதிக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சம் 30 ஆயிரம் யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு அவசியம். கோடையில் விண்ணப்பங்கள் குவியும் என்பதால், முன்கூட்டியே விண்ணப்பிப்பது கடைசி நேரச் சிக்கலைத் தவிர்க்கும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டம் அதிகமாக இருக்கும். அரண்மனைக்கும் குளோ லூசே மாளிகைக்கும் தனித்தனிக் கட்டணம். திறப்பு நேரம் பருவத்துக்கேற்ப மாறும்.

எத்தனை நாள் தேவை?

அரண்மனையையும் குளோ லூசேவையும் மட்டும் பார்க்க ஒரு முழுப் பகல் போதும். ஆனால் ஓர் இரவாவது தங்கினால் நகரின் வேறொரு முகம் தெரியும். மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பிறகு தெருக்கள் அமைதியாகிவிடும். மறுநாள் காலை, கூட்டம் சேரும் முன் அரண்மனைத் தோட்டத்துக்குச் சென்றால், சிற்றாலயத்தையும் 25 கற்களையும் அவசரமின்றிப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில நிமிட நடைதான். ஆல்ப்ஸ் மலை கடந்து வந்த முதியவரை ஓர் அரசு எப்படி வரவேற்றது என்பதை ஓரிடமும், சரணடைந்து வந்தவர்களை அதே நாட்டின் மற்றோர் அரசு எப்படி நடத்தியது என்பதை மற்றோரிடமும் சொல்கின்றன. இரண்டையும் பார்த்தவரே அம்புவாஸை முழுமையாகப் பார்த்தவர்.